குழாய்க்காரரின் எண்

பிப்ரவரி 4

அக்கா,

இல்லை, கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். இது பயம். இரண்டுக்கும் என் கையெழுத்து ஒரே மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை எடுத்துவிடு. என் பிறந்தநாளுக்கு உன் இணையப் பக்கத்தில் போட்டதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். நாம் இருவரும் ஒரே துணியில் சட்டை போட்டு நிற்கும் படம். கீழே 'எங்கிருந்தாலும் நல்லா இருடி சில்லு' என்று. எங்கிருந்தாலும் என்று எழுதினால் எங்கே என்று கேட்பார்கள். நாற்பத்திரண்டு பேர் கேட்டார்கள் என்று நீயே சொல்கிறாய்.

அதோடு அந்தப் பெயர். முன்பல் உடைந்த நாளிலிருந்து நம் இருவருக்குள் மட்டும் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அதை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

இங்கே எல்லாம் சரி. என் அறையின் ஜன்னலுக்கு எதிரே சலவைக்கடையின் பின்சுவர். வேலை, கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்னால் முதலாளியம்மா விற்கிறார். பின்னால் நான் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி வெட்டிப் பொருத்துகிறேன். கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் படித்தது இப்போது சோறு போடுகிறது. என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோருடைய கண் நம்பரையும் நான் பார்க்கிறேன்.

நீ கேட்ட போன் எண்ணைத் தனித் துண்டில் வைத்திருக்கிறேன். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். போனில் ஏற்றாதே. தாளில் வை. மற்றதெல்லாம் நம் பழைய ஏற்பாடுதான்: உன் கடிதம் என் தபால் பெட்டிக்கு, என் கடிதம் நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு. எட்டு மாதமாக இது உடையவில்லை.

கோர்ட்டு அவரை என்னிடமிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறது. நூறு மீட்டரை அளக்க, நான் நிற்கும் இடம் அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் இருப்பதுதான் என் சட்டம்.

சில்லு


பிப்ரவரி 11

அடியே சில்லு,

படத்தை எடுத்துவிட்டேன். போதுமா? எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அதற்கும் உன்னிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை.

பதினோராயிரத்துச் சொச்சம் பேர் நான் அலமாரி அடுக்குவதைப் பார்க்கிறார்கள். உனக்கு அது எப்போதுமே இளப்பம். 'நாலு பேர் பாக்க வாழறதுதான் வாழ்க்கையா?' என்று ஒருமுறை கேட்டாய். கேட்டவள் நாலு பேர் கண்ணிலும் படாமல் போய்விட்டாய். மிஞ்சியவள் நான். உன் அத்தான் வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது. 'நல்லா இருக்குக்கா' என்று முன்பின் தெரியாத ஒருத்தி ஒரு வரி போட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குகிறது. தப்பா?

எண்ணைத் தாளில் வை என்றாய். நம் வீட்டில் தாள் தங்குமா? மளிகைச் சீட்டு என்று உன் அத்தான் கையோடு கடைக்குக் கொண்டுபோய்விடுவார். அதனால் போனிலேயே ஏற்றிவிட்டேன். பதறாதே, உன் பெயரில் இல்லை. 'குழாய்க்காரர்' என்று ஏற்றியிருக்கிறேன். யார் என் போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் குழாய்க்காரரையா சந்தேகப்படப் போகிறார்கள்? நான் என்ன அவ்வளவு மக்கா?

இன்னொன்று. கையை ஒடித்தவனுக்கு இன்னும் என்னடி 'அவர்'? படிக்கும்போதே எரிகிறது.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

குழாய்க்காரர். படித்ததும் சிரித்துவிட்டேன். சத்தமாக. முன்னால் இருந்த முதலாளியம்மா, 'உள்ள யாரு?' என்று கேட்டார். எட்டு மாதத்தில் என் சிரிப்பை அவர் கேட்டதில்லை.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

கடைக்கு ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்றார் முதலாளியம்மா. எதிர்க்கடைக்காரன் திறந்துவிட்டானாம். அவருடைய எண்ணில் ஏற்கெனவே அவர் கணக்கு இருக்கிறது, இன்னொன்று திறக்க விடவில்லை. 'உன் நம்பரக் குடு. ஒரு கோடு வரும், படிச்சுச் சொல்லு. அவ்வளவுதான்.' வந்தது. ஆறு இலக்கம். படித்துச் சொன்னேன். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் சொன்னால் கதை சொல்ல வேண்டும். ஆறு இலக்கம் சொல்வது சுலபமாக இருந்தது.

பக்கத்தில் என் பெயர் இல்லை. முகம் இல்லை. ஃபிரேம் படங்கள். லென்ஸைப் பிடித்திருக்கும் ஒரு கை. என் கைதான். கைதானே என்று இருந்துவிட்டேன்.

பக்கம் திறந்ததும் ஒரு வரிசை வந்தது. 'உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்.' முதல் படம் நீ. அலமாரி முன்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

'யாரிவங்க, தெரியுமா?' என்றார் முதலாளியம்மா.

'தெரியாதும்மா' என்றேன்.

அக்கா, உன்னைப் பற்றி அந்தப் பக்கத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன்னைத் தேடவும் இல்லை. என் எண் உன்னிடம் மட்டும் இருக்கிறது, குழாய்க்காரராக. ஆனாலும் அதற்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு உன்னைக் காட்டினால், உன்னைத் தெரிந்த யாருக்கு என்னைக் காட்டும்?

எண்ணை அழித்துவிடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்குமுன்.

சில்லு


பிப்ரவரி 25

சில்லு,

அழித்துவிட்டேன். பதிவு ஜன்னலில் எட்டு நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அழித்தேன். அவசரத்தில் முதலில் பால்காரரை அழித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் உன் அத்தானிடம் பட்டும் படாமலும் கேட்டேன். என் போனை வாங்கிப் பார்த்தார். 'நீ என்ன பேரு வெச்சா அதுக்கென்ன? அது நம்பரத்தான எடுக்குது. உன் போன்ல இருக்கற எல்லா நம்பரையும் எடுத்துக்கன்னு நீயே குடுத்திருக்க பாரு' என்று காட்டினார். மூன்று வருடம் முன்பு கேட்டிருக்கிறது, 'அனுமதி' என்று ஒரு பொத்தான். நான் அழுத்தியிருக்கிறேன். எதைத்தான் படித்துப் பார்த்து அழுத்தினேன்? அழித்தாலும் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்காதாம்.

ஆட்டுக்கு முகமூடி போட்டுவிட்டுக் காலடித் தடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். என்னைத் திட்டு.

திட்டுவதற்கு இன்னொன்றும் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லவில்லை. அவன் இன்னும் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறான். நீக்கினால் எனக்கு ஏதோ தெரியும் என்று நினைப்பான், இருந்தால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நீ போன நாளிலிருந்து நான் எந்த வீடியோ போட்டாலும் முதல் ஆளாக விருப்பம் போடுவான். நான் செருப்பு அடுக்கினாலும் போடுவான். அருவருப்பாக இருக்கும். ஆனால், ஆள் இங்கேதான் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

போன வியாழக்கிழமையிலிருந்து போடவில்லை. நான்கு வீடியோ போட்டுவிட்டேன். ஆளைக் காணோம்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

திட்டவில்லை. ஆறு இலக்கத்தைப் படித்துச் சொன்னவள் நான்.

சிம்மைக் கழற்றிவிட்டேன். இனி அந்த எண்ணில் நான் இல்லை.

நேற்று பக்கத்துக்கு ஒரு ஆர்டர் வந்தது. கண் டாக்டர் சீட்டின் படம். பெயர் இருக்கும் மேல்பகுதியை மடித்துவிட்டு எடுத்தது. கீழே நம்பர் மட்டும். வாடிக்கையாளர் பெயர் என்று யாரோ ஒருவருடைய பெயர். முதலாளியம்மா அதைத் தாளில் எழுதி, வழக்கம்போல் தட்டில் போட்டு உள்ளே தள்ளினார்.

வலது மைனஸ் ஐந்தேகால். இடது மைனஸ் இரண்டு. லென்ஸைத் திருப்பி வைக்கும் சாய்வு வலதில் பதினைந்து டிகிரி, இடதில் நூற்று அறுபத்தெட்டு. கண்மணிகளுக்கு நடுவே அறுபத்தேழு மில்லிமீட்டர்.

கல்யாணமாகி மூன்று வருடம் அவருடைய எல்லாப் படிவங்களையும் நிரப்பியவள் நான். வேலையிலிருந்து வந்ததும் என் போனைக் கேட்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனை மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு செய்தியாகப் படிப்பார். நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். நின்று நின்று மனப்பாடமான எடை அது. வலது பக்கம் கனம்.

ஒரு கண் இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இரண்டு கண்ணும், சாய்வும், நடு அளவும் சேர்ந்து இப்படி இருப்பவர் ஒருவர்தான். எனக்குத் தெரிந்து.

ஆர்டரின் கீழே ஒரு குறிப்பு: 'அனுப்ப வேண்டாம். நேரில் வருகிறேன். பொருத்துபவரே முகத்தில் வைத்துச் சரிபார்த்துத் தர வேண்டும்.'

இந்த நம்பருக்கு லென்ஸ் தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். மார்ச் 17, செவ்வாய், காலை பதினொரு மணி என்று முதலாளியம்மா நாள் கொடுத்துவிட்டார்.

தட்டு என் மேஜையில் இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. பார்த்து உட்காரவும் முடியவில்லை.

சில்லு


மார்ச் 6

கிளம்பு. இதைப் படித்ததும் கிளம்பு. எந்த ஊர் என்று எனக்கு எழுதாதே. எனக்குத் தெரிந்தால் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திவிடுவேன்.

அவன் நேற்று ஆஸ்பத்திரி எண்ணுக்குப் பேசினான். குரலில் அப்படி ஒரு தேன்.

'அக்கா, உங்க வீடியோ எல்லாம் நல்லா இருக்கு. உங்களுக்குக் கண்ணாடிக் கடைக்காரங்க யாராச்சும் தெரியுமா?'

'எனக்கெப்படித் தெரியும்? கண்ணாடியே போடாதவ நான்.'

'நீங்க போடல. நான் போடறேனே.'

வைத்துவிட்டான். பல் பிடுங்க வந்த அம்மாள் ஒருத்தி, 'என்னம்மா, உனக்கும் வலிக்குதா?' என்று கேட்டாள்.

பக்கத்தை மூடிவிட்டேன். பதினோராயிரத்துச் சொச்சம் பேரும் போனார்கள். முழுதாக அழிய முப்பது நாள் ஆகுமாம். நடுவில் மனசு மாறினால் எல்லாம் அப்படியே திரும்ப வருமாம். கதவைச் சாத்தவும் விட மாட்டேன் என்கிறது.

அந்தக் கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பு.

அக்கா


மார்ச் 12

அக்கா,

கிளம்பவில்லை. பை கட்டினேன். அதுவரை உண்மை.

பையோடு கடைக்குப் போனேன். முதலாளியம்மா ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

'இந்த ஆர்டர என்னால செய்ய முடியாதும்மா.'

'ஏன், சீட்டு தெளிவா இல்லையா?'

'இது என் வீட்டுக்காரர்.'

துணி நின்றது. 'பேரு வேறல்ல போட்டிருக்கு?'

'பேருதான் வேற. கண்ணு அவரோடது.'

கதையைச் சொன்னேன். நான் பயந்த அளவுக்கு அது நீளமாக இல்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு ஊருக்குப் போகிறேன் என்றேன்.

'எத்தன ஊருக்குடி? ரயிலு என்ன உங்கப்பன் வீட்டு வண்டியா?' என்று கத்தினார். பிறகு, தணிந்து, 'அந்த ஆறு நம்பர நான்தான கேட்டு வாங்கினேன்' என்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு பெண் அதிகாரி. சலித்த முகம்.

'அவர்தான்னு எப்படிம்மா சொல்ற?'

'நம்பர வெச்சு.'

'போன் நம்பரா?'

'கண்ணு நம்பர், மேடம்.'

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். 'என்னோடது என்ன, சொல்லு பாக்கலாம்.'

மேஜையில் கிடந்த செய்தித்தாளுக்கு மேல் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். எழுத்து எவ்வளவு வீங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது. 'படிக்கறதுக்கு ஒன்றரை. இடது கண்ணுக்குக் கொஞ்சம் கூட. ரெண்டு வருஷமா மாத்தல. மாத்தணும்.'

'மூணு வருஷம்' என்றார். கோர்ட்டுத் தாளைக் கேட்டு வாங்கினார். இரண்டு முறை படித்தார். ஆர்டர் கொடுத்தது குற்றம் ஆகாது, ஆனால் உன் எதிரே வந்து நின்றால் ஆகும், உன்னைத் தெரிந்துதான் வந்தார் என்று காட்ட முடிந்தால் கட்டாயம் ஆகும் என்றார். ஆக, அவர் வர வேண்டும். வர வேண்டுமானால் கண்ணாடி தயாராக இருக்க வேண்டும். வழக்கம்போல. கடை வழக்கம்போல, நான் வழக்கம்போல.

இத்தனை மாதம் அவர் வரக் கூடாது என்று இருந்தேன். இப்போது அவர் வராமல் போய்விடுவாரோ என்று பயப்படுகிறேன். இது என்ன பயம் என்று தெரியவில்லை. இதற்கும் அதே கையெழுத்துதான்.

லென்ஸ் இன்று வந்தது.

சில்லு


மார்ச் 17, பிற்பகல்

அக்கா,

வந்தார். பதினொன்று பத்துக்கு.

பெண் அதிகாரி சாதாரண உடையில் வெயில் கண்ணாடிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இது என் மூஞ்சிக்குப் பெருசும்மா' என்று முதலாளியம்மாவிடம் உண்மையிலேயே பேரம் பேசினார். ஒரு நிமிடம் எனக்கே அவர் யார் என்று மறந்துவிட்டது.

'பொருத்தறவங்க உள்ளதான இருக்காங்க?' என்று என் வீட்டுக்காரரின் குரல். நான் திரைச்சீலையை விலக்கி வெளியே வந்தேன். ஒரு கண்ணாடி செய்து முடித்தால் அதை முகத்தில் வைத்துக் காதுக்குப் பின்னால் வளைவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன். அவருடைய காது சூடாக இருந்தது.

லென்ஸை வெட்டும்போது சாய்வைப் பத்து டிகிரி தள்ளி வைத்திருக்கலாம். தரை அவருக்குச் சரிந்து தெரிந்திருக்கும், படியில் கால் தப்பியிருக்கும். நினைத்தேன். மெஷின் முன்னால் வெகுநேரம் நினைத்தேன். பிறகு சரியான இடத்தில்தான் வைத்தேன். ஏன் என்று கேட்காதே. கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

அதனால் அவர் என்னை மிகத் தெளிவாகப் பார்த்தார்.

'நல்லாத் தெரியுது' என்றார். சிரித்தார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: 'சில்லுன்னு ஒரு பேரு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே.'

ஆனால் அது எனக்கு மட்டும் கேட்டதோடு நிற்கவில்லை. பெண் அதிகாரி கையிலிருந்த வெயில் கண்ணாடியை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். கோர்ட்டுத் தாளில் என் முழுப்பெயரோடு அந்தப் பெயர் இல்லை. உன் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது; அதைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார் என்று அதிகாரியிடம் சொன்னேன். அதைத்தான் எழுதிக்கொண்டார்.

கொண்டுபோனார்கள். எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள் என்று கேட்டேன். 'அத நான் சொல்ல முடியாதும்மா' என்றார். பொய் சொல்லாததற்கு அவர்மேல் மரியாதை வந்தது. நிம்மதி வரவில்லை, மரியாதைதான் வந்தது.

அறையை மாற்றுகிறேன். கடையை மாற்றவில்லை. முதலாளியம்மா பக்கத்தை அழித்துவிட்டு, வாசலில் சுண்ணக்கட்டியால் 'கண்ணாடி இங்கே' என்று எழுதிவைத்திருக்கிறார். எதிர்க்கடைக்காரன் சிரித்துவிட்டுப் போனான்.

புது எண் வாங்கிவிட்டேன். அதைத் தாளில்கூட எழுத மாட்டேன். வரும் 27ஆம் தேதி வெள்ளி, பகல் ஒரு மணி, உன் சாப்பாட்டு நேரம். தெரியாத எண் ஒன்று அடிக்கும். எடு.

சில்லு


மார்ச் 27

சில்லு,

ஒரு மணி என்று எழுதிவிட்டு ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அடித்தால் எப்படி? கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று துண்டித்தேன். திரும்ப அடித்தது. திரும்பவும் துண்டித்தேன். மூன்றாவது தடவை, 'என்னய்யா வேணும் உனக்கு?' என்று கத்தினால், நீ, 'குழாய்க்காரர் பேசறேன்' என்கிறாய். அதற்கப்புறம் நான் உன்னிடம் ஒரு வார்த்தை சரியாகப் பேசவில்லை. மூக்கைச் சிந்தியே நேரம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

போனில் சொல்லாதது. அந்தப் பெயரை அவன் வாயில் போட்டவள் நான். அதை வைத்துத்தான் பிடித்தார்கள் என்று நீ எனக்காகச் சமாதானம் சொன்னாய். வேண்டாம். இரண்டும் உண்மையாக இருக்கட்டும்.

பக்கம் முழுதாக அழிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தினமும் ஒரு செய்தி வருகிறது. 'உங்களைத் தேடுகிறார்கள்' என்கிறது. யார் என்று சொல்வதில்லை. முன்பு இதைப் படித்தால் பூரித்துப் போவேன். இப்போது வாசற்கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று காலை அலமாரி அடுக்கினேன். யாரும் பார்க்கவில்லை. அடுக்கின மாதிரியே இல்லை. பழக வேண்டும்.

நீ பேசி வைத்ததும் போனில் உன் அழைப்பை அழித்தேன். அதற்கு முன் எண்ணை ஒரு பழைய பதிவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பத்து தடவை எழுதினேன். பதினோராவது தடவை பார்க்காமல் வந்தது. சீட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

அக்கா